மாமா பேசாத வெள்ளிக்கிழமை

கடைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் எழுதுகிறேன்.

போன மாதம் எனக்குப் பிரியாவிடை வைத்தபோது, "அக்கா, உங்க அனுபவத்தப் பத்தி ரெண்டு வார்த்தை" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேக் வெட்ட அவசரப்பட்டவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. எனக்குத்தான் வீட்டுக்கு வந்த பிறகு மனது கேட்கவில்லை. பேசத்தானே வெட்கம், எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று இந்தக் கொப்பியை எடுத்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இருக்கவில்லை. கண்டிக்கு வந்து ஒரு ரேடியோ கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். அங்கேதான் ஈயம் பற்ற வைக்கப் பழகினேன். பிறகு கசெட் பெட்டி, டீவீ, கைபேசி என்று வந்து, கடைசியில் மடிக்கணினி. கட்டளைகளை இங்கிலீஷில் வாசிக்கத் தெரியாது. எழுத்துகளின் உருவத்தைப் பார்த்து வைத்திருப்பேன். திரையில் ஒலி அளவு காட்டும் பலகையில் ஒரு தூணுக்குக் கீழே இரண்டு எம் நின்றால் மெசினின் வாய் கட்டியிருக்கிறது, இரண்டு சைபர் நின்றால் வாய் திறந்திருக்கிறது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஆணி கழற்றுவது, கட்டளை அடிப்பது எல்லாம் ரிஸ்வான் தம்பி உங்களுக்குச் சொல்லித் தருவார். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்று நானும் அவரும் சேர்ந்து ஒரு பிள்ளையின் இரண்டு மணி நேரத்தை வீணாக்கினோம். அவளிடம் மொத்தமே நாலு மணி நேரம்தான் இருந்தது.

முதலாளி அன்று சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கவுன்டரில் ரிஸ்வான் தம்பி. நான் வழக்கம்போலப் பலகைத் தடுப்புக்குப் பின்னால். அந்தத் தடுப்பில் சதுரமாக ஓர் ஓட்டை இருக்கிறதே, அதன் வழியாகத்தான் எனக்குப் பொருள் வரும், திருத்திய பிறகு போகும். வாடிக்கையாளர்கள் என் கைகளைப் பார்த்திருப்பார்கள், முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

பத்து மணி கொஞ்சம் கடந்திருக்கும். மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம்.

"பதினஞ்சு, பதினாறு, பதினேழு. பதினேழு படி. எறங்கும்போது சொல்லிக் குடுக்காதீங்கம்மா, எனக்கே தெரியும்."

சுகந்தி என்று பெயர். வயது இருபத்தாறு. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கூட வந்தவர் அவளுடைய தாயார், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர். குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கி நேராக எங்களிடம் வந்திருந்தார்கள். சுகந்தி மடிக்கணினியைக் கவுன்டரில் வைத்தாள்.

"அண்ணே, மாமா பேச மாட்டேங்கிறாரு."

"எந்த மாமா தங்கச்சி?"

"இதுக்குள்ள இருக்கிற மாமா."

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைத்தான் அவள் மாமா என்றாள். அவளுக்குத் திரையும் அதுதான், எழுத்தும் அதுதான். சளி பிடித்த ஆம்பிளைக் குரலில், மூச்சு விடாமல் தமிழ் பேசும். யாரோ பாவித்துக் கழித்த பழைய மெசின் என்பதால், அவளைப் போலவே கண் தெரியாத சினேகிதி ஒருத்தி அதில் லினக்ஸ் போட்டு மாமாவையும் குடியேற்றிக் கொடுத்திருந்தாளாம். நேற்றுப் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் பேசியவர் இன்று விடிய எழுப்பினால் ஊமை. ஹெட்செட் மாட்டினால் மட்டும் காதுக்குள் பேசுகிறார்.

"லினக்ஸா? அதுல சத்தம் போறது புதினமே இல்லயே" என்றார் ரிஸ்வான் தம்பி.

"நான் புதினம் பாக்க வரல்லண்ணே. ரெண்டு மணிக்கு எனக்குப் பரீட்சை."

தாயார் பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ரிஸ்வான் தம்பி சத்தமாக வாசித்ததால் எனக்கும் கேட்டது. கண்டியில் ஓர் அலுவலகம். பொதுமக்கள் தொலைபேசியில் சொல்லும் முறைப்பாடுகளைக் கேட்டு, தமிழில் தட்டெழுதிப் பதியும் வேலை. அதற்குத்தான் பரீட்சை. சொந்த மடிக்கணினி கொண்டு வரலாம். ஆனால் காதில் எதையும் மாட்டக் கூடாது, மெசினோடு வேறு எந்தக் கருவியையும் இணைக்கக் கூடாது, மெசின் பேசுவது பரீட்சை எடுப்பவர்களுக்கும் கேட்க வேண்டும்.

"வெளியில இருந்து யாராச்சும் விடை சொல்லிக் குடுத்துருவாங்களாம்" என்றாள் சுகந்தி. "எனக்கு விடை சொல்லிக் குடுக்கிற அளவுக்குப் படிச்ச ஆள எங்கன்னு போய்த் தேடுறது, அத அவங்களே சொன்னா நல்லம்."

"எங்கட கடை மெசின் ஒண்டு தாரேனே?"

"இந்த மெசின் நம்பரை முன்னுக்கே எழுதிக் குடுத்தாச்சு. போன் பண்ணியும் கேட்டேன். கடிதத்துல இருக்கிறதுதான்னு சொல்லிட்டு ஒருத்தரு போன வச்சிட்டாரு."

இதற்கு முன் இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டு, கண் தெரியாது என்றதும் கடிதத்துக்குப் பதிலே வரவில்லையாம். வரச் சொன்ன ஒரே இடம் இதுதான். இன்னொரு நாள் தரமாட்டார்கள் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருந்தது.

ரிஸ்வான் தம்பி வேலையைத் தொடங்கினார். இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். சுகந்திக்கு மெசினில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும், கடவுச்சொல்லையும் அவள்தான் அடிக்க வேண்டும். அதனால் அவளுடைய ஹெட்செட் செருகியபடியே இருந்தது. ரிஸ்வான் தம்பி ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தபோது, சத்தம் ஹெட்செட்டுக்குப் போகிறது என்று திரை காட்டியது. செருகியிருக்கிறதுதானே என்று அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன்.

"ஹெட்செட்டுல வருது. மத்ததெல்லாம் நல்லா ஈக்கி. அப்ப ஸ்பீக்கர்தான் போயீக்கி. இந்தாங்க."

அவர் வாயில் இருக்கு என்பது ஈக்கி என்றுதான் வரும், உங்களுக்கும் இதற்குள் பழகியிருக்கும். சதுர ஓட்டை வழியாக மெசின் என்னிடம் வந்தது.

எனக்கு ஒரு பழக்கம். பொருள் கைக்கு வந்தால் உடனே கழற்றுவேன். கழற்றும்போது யாரோடும் பேச வேண்டியதில்லை பாருங்கள். பதினோரு ஆணிகள். அடிமூடியைத் தூக்கியதும் சந்தன வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை, தாயார் கோயிலுக்குப் போய் வந்த கையோடு மெசினைத் தூக்கி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூக்கு சரியாகத்தான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

மீட்டரின் ஊசியை ஸ்பீக்கர் வயரில் வைத்தேன். கிர்ரென்று எறும்பு கடிக்கிற அளவில் ஒரு சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஸ்பீக்கர் உசிரோட இருக்கு பெரியம்மா! எனக்குக் கேட்டிச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே ஒரு பொம்பிளை இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? என் வளையல் சத்தத்தில் கண்டுபிடித்தாளாம், பிறகு சொன்னாள். அவள் சொன்னது போலவே இரண்டு ஸ்பீக்கரும் நன்றாக இருந்தன. வயரும் நன்றாக இருந்தது. பதினோரு ஆணியையும் திரும்பப் பூட்டினேன். மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்கிறேன். மெசின் கைக்கு வந்த நிமிடத்திலிருந்தே என் தொண்டையில் ஒரு கேள்வி நின்றது. நேற்று ஐந்து மணிக்குப் பேசியது, இன்று காலை பேசவில்லை. நடுவில் இது எங்கே இருந்தது? அதைக் கேட்கத் தடுப்பைச் சுற்றி நாலு அடி நடந்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு பதினோரு ஆணியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்த ரேடியோ கடையில் ஒரு சிங்கள பாஸ் இருந்தார். நான் ஒரு ரேடியோவில் ஒன்றுமே இல்லாத பழுதுக்கு இரண்டு உறுப்பை மாற்றி வைத்தபோது, அவர் என்னை ஏசவில்லை. "ரேடியோதான் பேசாது, கொண்டுவந்த ஆள் பேசுவாரே, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். அன்று கேட்ட புத்தி இத்தனை வருடமும் காதில் இருந்தது, வாய்க்கு வரவில்லை.

ரிஸ்வான் தம்பிக்கும் பதற்றம் வந்துவிட்டது. மெசினை வாங்கியவர் பென் டிரைவைக் கையில் எடுத்தார்.

"ஸ்பீக்கர் நல்லம் எண்டா சிஸ்டம்தான் பழுது. ஃபோமட் அடிச்சு புதுசாப் போட்டாச் சரி. நாப்பது நிமிஷம்."

"அப்ப மாமா?"

"அவரையும் புதுசாப் போடலாம் தங்கச்சி."

"ரெண்டு வருஷமா அவரு எனக்கேத்த மாதிரி பழகியிருக்காரு. வேகம், குரல், எந்த விசைய அமுக்கினா என்ன சொல்லணும், எல்லாம் நானா ஒவ்வொண்ணா வச்சது. புது மாமாவக் கூட்டிக்கிட்டுப் பரீட்சைக்குப் போகச் சொல்றீங்களா? கல்யாணம் பேசவே பத்துத் தடவை பாக்கிறாங்க!"

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் மெசின் மூடியின் மேல் அவளுடைய பத்து விரலும் விரிந்து கிடந்தன.

"வேற வழி ஈந்தா சொல்லுங்களே" என்றார் ரிஸ்வான் தம்பி. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. பென் டிரைவைச் செருகிவிட்டார்.

அப்போதுதான் நான் தடுப்பைச் சுற்றி வெளியே வந்தேன்.

"தம்பி, அத எடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வேலை நேரத்தில் நான் கவுன்டர் பக்கம் வந்ததே இல்லை.

சுகந்தியிடம் கேட்டேன். "நேத்து அஞ்சு மணிக்கும் இன்னைக்கு விடியக்கும் நடுவில மெசின் எங்க இருந்திச்சு?"

"அலுமாரி மேல, பெரியம்மா. அங்கதான் எப்பவும் வைக்கிறது. நான் குளிச்சிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்துட்டேன்."

தாயாரைப் பார்த்தேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கூச்சம் பிடித்தவளுக்கு இன்னொருத்தியின் கூச்சம் நன்றாகவே தெரியும். இந்த அம்மாவிடம் ஏதோ இருக்கிறது, மகளுக்கு முன்னால் அது வராது.

"வாங்கம்மா, கீழ போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வருவோம்" என்றேன்.

"இந்த நேரத்துலயா?" என்று ரிஸ்வான் தம்பி வாயைப் பிளந்தார். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

தேநீர்க் கடை வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. ஆறாவது படியிலேயே அந்த அம்மா நின்றுவிட்டார்.

"அக்கா, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்."

"என்ன பண்ணினீங்க?"

"அவ குளிக்கப் போன நேரம் மெசினை எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போனேங்க்கா. அந்திப் பூசைக்கு. சாமி பாதத்துல வச்சு அர்ச்சனை பண்ணினேன். லொறிக்கு, திரீவீலுக்கு எல்லாம் பண்றாங்கதானே? ஐயர் நல்ல மனுஷன், நாலு மூலைக்கும் சந்தனம் அப்பி, குங்குமமும் வச்சுக் குடுத்தாரு."

"அப்புறம்?"

"அவளுக்குத் தெரிஞ்சா ஏசுவாக்கா. 'நான் படிச்சுப் பாஸாகுறேன், பிள்ளையார் படிச்சதா ஊருக்குச் சொல்லாதீங்க'ன்னு முன்னுக்கே சொல்லியிருந்தா. அதனால வீட்டுக்கு வந்து ஈரத்துணியால துடைச்சேன். பக்கத்துல சின்ன வட்ட ஓட்டை இருக்குல்ல, அதுக்குள்ள கொஞ்சம் சந்தனம் போயிருச்சு. விளக்குமாத்துல ஒரு ஈர்க்குச்சி உருவி, குத்திக் குத்தி எடுத்தேன்."

"எடுத்தீங்களா, உள்ள தள்ளினீங்களா?"

அந்த அம்மா யோசித்தார். "தள்ளினேன் போல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவகிட்டச் சொல்லிராதீங்க்கா."

நாங்கள் திரும்ப ஏறி வந்தோம். நான் ரிஸ்வான் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள் என்றேன்.

கழற்றினார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யா அல்லாஹ். கழட்டின பொறகும் ஹெட்செட் ஈக்கி எண்டு சொல்லுதே!"

அந்த வட்ட ஓட்டைக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. ஹெட்செட் செருகினால் அது கொஞ்சம் நகரும். நகர்ந்ததும் மெசின், ஆள் காதில் மாட்டிக்கொண்டார், இனி நான் வெளியே சத்தம் போடக் கூடாது என்று தன் ஸ்பீக்கரை அடைத்துவிடும். நல்ல மரியாதையான ஏற்பாடு. இங்கே காய்ந்த சந்தனம் உள்ளே குந்திக்கொண்டு தகட்டைத் தள்ளிப் பிடித்திருந்தது. மெசின் இரவு முழுக்க யாரோ காதில் மாட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு மரியாதையாக இருந்திருக்கிறது. நாங்களோ உண்மையான ஹெட்செட்டையும் அதில் செருகி வைத்து, எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம்.

பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, மெதுவாகத் துடைத்தேன். மஞ்சள் மஞ்சளாக வந்தது. சுத்தமானதும் மெசினை அணைத்து மறுபடி போட்டோம். மாமா வாயைத் திறந்து வணக்கம் சொன்னார். சுகந்தி கையைத் தட்டினாள். ரிஸ்வான் தம்பி பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

"இன்னொருக்கா அணைச்சுப் போடுங்க" என்றேன்.

இரண்டாம் முறையும் பேசினார். மூன்றாம் முறை பேசவில்லை.

ஈர்க்குச்சி தகட்டையே வளைத்திருந்தது. ஒரு நேரம் சரியாக நிற்கிறது, ஒரு நேரம் நிற்கவில்லை. ஹெட்செட் செருகும் அந்த சொக்கட்டையே மாற்றத்தான் வேண்டும். அந்த அளவில் ஒன்று கடையில் இல்லை, இருந்தாலும் மெசினுக்குள் இருக்கும் பலகையிலிருந்து பழையதைப் பெயர்த்து வைக்க நேரமில்லை. மணி பன்னிரண்டு இருபது.

ரிஸ்வான் தம்பி கெட்டிக்காரர். தகடு என்ன சொன்னாலும் கேட்காமல் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பு என்று ஒரு கட்டளை எழுதி, அதை மூன்று விசைக்குக் கட்டினார். மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மாமா பேசுகிறார். நான்கு முறை பார்த்தோம், நான்கு முறையும் பேசினார். மெசின் எழும்பும்போது தானாகவே அந்தக் கட்டளை ஓடும்படியும் செய்து பார்த்தார். அது ஒரு முறை கேட்டது, ஒரு முறை கேட்கவில்லை.

பிறகு என்னைத் தடுப்புப் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, இப்ப பேசுது. சரியாகிட்டு எண்டு சொல்லி அனுப்புவம். பரீட்சைக்குப் போற புள்ளய ஏன் பயம் காட்டுற? அங்க போய் ஓஃப் பண்ணாம ஈந்தாப் போதும்."

அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. எனக்கும் ஒரு நொடி அதுதான் சரி என்று பட்டது. பயந்த கையால் தட்டெழுத முடியுமா? ஆனால் அங்கே யாராவது அணைக்கச் சொன்னால்? அந்த அறையில் அவள் தனியாக, ஊமை மெசினோடு, என்ன நடந்தது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். பயத்தை இங்கே கொடுத்தால் எங்களிடம் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அங்கே கொடுத்தால் அவளிடம் ஒன்றுமில்லை.

நான் போய் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"மகள், இது முழுசாச் சரியாகல்ல. திரும்பவும் வாயடைக்கலாம். அடைச்சா என்ன செய்யணும்னு பழக்கித் தாரோம். பழகிக்கிறியா?"

அவள் விரல்கள் விசைகளைத் தேடிப் போயின. தொண்டையைச் செருமினாள்.

"எந்த மூணு விசை?"

அரை மணி நேரம் பழகினோம். மாமா பேசினால்தானே மெசின் எழும்பிவிட்டதா என்று அவளுக்குத் தெரியும்? பேசாவிட்டால் எப்படித் தெரியும்? அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். ஸ்விச்சை அமுக்கியதும் உள்ளே காற்றாடி ஒருமுறை வேகமாகச் சுற்றி அடங்கும். அடங்கியதும் கடவுச்சொல். பிறகு இருபது வரை எண்ண வேண்டும். பிறகு மூன்று விசை. எனக்கு அந்தக் காற்றாடிச் சத்தமே கேட்கவில்லை. பதினோரு முறை செய்தாள். இரண்டு முறை அவசரத்தில் பதினைந்திலேயே அமுக்கிக் கெடுத்தாள். "பொறுமை இல்லாத பொம்பிளை" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கிளம்பும்போது கேட்டாள். "அது சரி, எப்படிப் பழுதாச்சு?"

ரிஸ்வான் தம்பி என் முகத்தைப் பார்த்தார். தாயார் கூரையைப் பார்த்தார்.

"ஓட்டைக்குள்ள அழுக்கு" என்றேன். பொய் இல்லை.

"சந்தன அழுக்கா பெரியம்மா?"

தாயாரின் கை மறுபடி சேலைத் தலைப்புக்குப் போனது.

"விடியக் காலையில மூடியத் தொறந்தப்பவே மணந்திச்சு. எங்க வீட்டு அலுமாரி எப்ப இருந்து கோயிலாச்சுன்னு நினைச்சேன். கண்ணுதான் இல்ல, மூக்கு இருக்குதே!"

"அப்ப ஏன் தங்கச்சி வந்த உடனயே சொல்லல்ல?" என்று கேட்டார் ரிஸ்வான் தம்பி. அழாத குறை.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? எங்கம்மாவ ஆளுங்களுக்கு முன்னால காட்டிக் குடுக்கவும் மனசு வரல்ல."

தாயார் வாயைப் பொத்திக்கொண்டார். சுகந்தி கையை நீட்டித் தாயாரின் தோளைத் தேடிப் பிடித்தாள். "பிள்ளையாருக்குப் பூசுங்க, எனக்கும் பூசுங்க. மாமாவ விட்ருங்கம்மா, அவருக்கு ஒத்துக்காது."

"அவர் சந்தனம் பூசினதும் தியானத்துக்குப் போயிட்டார்" என்றார் ரிஸ்வான் தம்பி. அன்று முதல் முறையாக எல்லோரும் சிரித்தோம்.

ஒன்றே காலுக்கு அவர்களைத் திரீவீலில் ஏற்றி அனுப்பினோம். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் தாய்க்காகப் பேசவில்லை, தாய் மகளுக்குப் பயந்து பேசவில்லை, நான் கூச்சத்தால் கேட்கவில்லை. ரிஸ்வான் தம்பி ஒருத்தர்தான் பேசினார், அவருக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. பிள்ளைகளே, கழற்ற முன்னுக்குக் கேளுங்கள். பொருளைக் கொண்டுவருகிறவர்கள் பொய் சொல்ல வருவதில்லை. பழுதாக்கியவர் பக்கத்திலேயே நிற்பார், வெட்கத்தில் நிற்பார். "என்ன செய்தீங்க?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டால் "ஒண்ணும் செய்யல்ல" என்றுதான் பதில் வரும். தனியாகக் கூட்டிப் போய்க் கேளுங்கள். பிளேன்டீ குடிக்கக் கூப்பிட்டால் அரைவாசிப் பழுது படியிலேயே வெளியில் வந்துவிடும்.

நாலரை மணிக்குப் படியில் எண்ணும் சத்தம் இல்லாமல் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. தாயார்தான் முதலில் வந்தார். மூச்சு வாங்கியது.

"அணைக்கச் சொன்னாங்கக்கா!"

"நான் சொல்றேன்மா, நீங்க வெளியதானே நின்னீங்க." பின்னால் சுகந்தி. "பெரியம்மா, மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. போன உடனயே, மெசின்ல வேற ஏதும் ஓடுதான்னு பாக்கணும், அணைச்சுப் போடுங்கன்னாங்க. போட்டேன். ஊமை."

ரிஸ்வான் தம்பி எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு மிஸ் சொன்னாங்க, 'பரவாயில்ல பிள்ள, மெசின் வேலை செய்யல்லன்னு எழுதிக்கிறோம், நீங்க போகலாம்'னு. பேனாவத் தொறக்கிற சத்தமும் கேட்டிச்சு. நான் கையத் தூக்கி, 'இருபது எண்ணும் வரைக்கும் இருங்க மிஸ்'னு சொன்னேன். சத்தமாவே எண்ணினேன். பதினஞ்சுல கை துடிச்சிச்சு. அமுக்கல்ல. இருபதுல அமுக்கினேன்."

"பேசினாரா?"

"பேசினாரா? 'பேட்டரி தொண்ணூற்றாறு வீதம்'னு கத்தினாரு! பழகும்போது சத்தத்த முழுசா ஏத்திட்டு எறக்க மறந்துட்டேன். அந்த மிஸ்ஸோட பேனா கீழ விழுந்திருச்சு."

"கதவுக்கு வெளிய எனக்கே கேட்டிச்சு" என்றார் தாயார்.

பிறகு பரீட்சை நடந்ததாம். தொலைபேசியில் ஒருவர் தண்ணீர் வரவில்லை என்று ஏசுவது போல நடித்தாராம், இவள் அதைப் பதிந்தாளாம். நடித்தவர் நன்றாக ஏசவில்லை, தோட்டத்தில் இதைவிட நன்றாக ஏசுவார்கள் என்றாள். மூன்று பேரில் ஒருவர், மெசின் ஊமையானபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டு, அவள் சொன்னதை எழுதிக்கொண்டாராம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. முதல் நாள் போவதற்கு முன்பு மெசினைக் கொண்டுவந்தாள். கொழும்பிலிருந்து சொக்கட் வந்திருந்தது. பழையதைப் பெயர்த்துப் புதியதை வைத்தேன். இருபது முறை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், இருபது முறையும் மாமா தானாகவே பேசினார்.

"இனி அந்த மூணு விசை தேவையில்ல தங்கச்சி, கழட்டி விடவா?" என்று ரிஸ்வான் தம்பி கேட்டார்.

அவள் மெசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. நீங்க கடையில இல்லாத அன்னைக்கு இது கெட்டுப்போனா நான் யாரப் போய்த் தேடுறது?"